காதுக்குப் பாடம் உண்டா? வயது வந்தோர் ஆங்கில வகுப்பில் கேட்டலும் கலந்துரையாடலும்

பள்ளியிலும் கல்லூரியிலும் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்த ஒருவர் நாளிதழை வாசித்துவிடுவார். விண்ணப்பம் எழுதுவார். இலக்கணப் பயிற்சியில் பெரிதாகத் தவறு செய்யமாட்டார். ஆனால் தொலைபேசியில் யாரேனும் இயல்பான வேகத்தில் பேசினால் பாதி அவருக்குப் பிடிபடுவதில்லை. நான்கு பேர் கூடிப் பேசும் இடத்தில் அவர் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறொன்றுக்குத் தாவிவிடுகிறது. இத்தகைய மாணவரை வகுப்பில் நிறையக் கேட்க வைக்க வேண்டுமா, நிறையப் பேச வைக்க வேண்டுமா? எதை முதலில் செய்வது?

இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலும் அவை வரிசை பற்றிய பதில்கள்: காது முதலிலா, நாக்கு முதலிலா என்பவை. ஒலி எப்படிச் சொல்லாகப் பிரிந்து பொருளாகிறது, அதைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியோ வெகுகாலம் பின்வரிசையிலேயே கிடந்தது. கலந்துரையாடலில் பெரியவர்கள் மௌனமாவதற்குச் சொல்லத் தெரியாமை மட்டுமல்ல, கேட்டது பிடிபடாமையும் சம அளவு காரணமாக இருக்கலாம். அந்தக் கோணத்திலிருந்தே இங்கே பழைய பதில்கள் பார்க்கப்படுகின்றன.

வாய்மொழிக்குத் திரும்பிய காலம்

1882இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் வியேட்டர் புனைபெயரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மொழிப்பாடம் திசைமாற வேண்டும் என்பது அதன் அறைகூவல். லத்தீனைக் கற்பித்த வழியிலேயே வாழும் மொழிகளையும் விதிகளாகவும் மொழிபெயர்ப்பு வாக்கியங்களாகவும் கற்பிப்பதை அவர் எதிர்த்தார். 1886இல் பாரிஸில் பால் பாஸி தொடங்கிய ஒலியியல் சங்கம் அந்த எதிர்ப்புக்கு அறிவியல் அடித்தளம் தந்தது. பேச்சே மொழியின் முதல் வடிவம், ஆகவே காதிலிருந்தே தொடங்க வேண்டும் என்றது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1878இல், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் தம் பள்ளியைத் திறந்திருந்தார். அங்கே வகுப்பு முழுவதும் கற்கும் மொழியிலேயே நடந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள்; கட்டணம் செலுத்தக்கூடியவர்கள்.

இவர்களில் கேட்டலைத் தனியாக எண்ணிப் பார்த்தவர் ஹெரால்ட் பாமர். 1922இல் ஜப்பானிய அரசின் அழைப்பில் டோக்கியோ சென்ற அவர், மாணவரை உடனே பேசவைக்காமல் சில காலம் கேட்க மட்டும் விட வேண்டும் என்று கருதினார். அதே பத்தாண்டில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் நேர் எதிராக நின்றார். வங்காள மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலத்தில் பேச வாய்ப்பே அமையாது. வாசிப்பே அவர்களுக்குப் பயன்படும் என்று 1926இல் வாதிட்டார். இருவருமே தம் முன்னால் இருந்த மாணவர்களைப் பார்த்தே பேசினார்கள். யாருக்காகக் கற்பிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் எந்த முறை சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை என்பது அப்போதே தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை அடிக்கடி மறந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் வீரர்களுக்கு அயல்மொழி கற்பிக்க 1943இல் தீவிர வகுப்புகளை நடத்தியது. அந்த வகுப்புகளின் புகழும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ரைஸ் நடத்திய பணியும் சேர்ந்து, ஒலிநாடாவைக் கேட்டு வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சிமுறை உருவாக வழிசெய்தன. அதிலும் காதுக்கு இடம் இருந்தது. ஆனால் ஒலிநாடாவில் வந்தது படித்துக் காட்டப்பட்ட, துப்புரவாக உச்சரிக்கப்பட்ட பேச்சு. மாணவர் கேட்டது பின்னால் ஒப்பிப்பதற்காக. பொருள் கொள்வதற்காக அல்ல. மொழி பழக்கத்தால் மட்டுமே வருவது என்ற கொள்கையை 1959இல் நோம் சோம்ஸ்கி கடுமையாக விமர்சித்த பிறகு இம்முறையின் கோட்பாட்டு வலு குலைந்தது. தமிழ்நாட்டின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் பலவற்றில் அதன் சாயல் இன்னும் இருக்கிறது.

கேட்டாலே வருமா?

1980களின் தொடக்கத்தில் ஸ்டீஃபன் கிராஷென் முன்வைத்த விளக்கம் பலரை ஈர்த்தது. மாணவருக்கு ஏற்கெனவே உள்ள திறனைவிடச் சற்றே மேலான, ஆனால் விளங்கக்கூடிய மொழியை நிறையக் கேட்கவும் வாசிக்கவும் கொடுத்தால் போதும். பேச்சு தானாக வரும் என்றார் அவர். வற்புறுத்திப் பேசவைப்பது பதற்றத்தைக் கூட்டும்; பதற்றம் கற்றலைத் தடுக்கும். வயது வந்தவர்களுக்குக் கற்பிப்போர் இதை வரவேற்றதில் வியப்பில்லை. சக ஊழியர் முன்னிலையில் தவறாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம் பெரியவர்களை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விமர்சனமும் உடனே வந்தது. ‘சற்றே மேலான’ என்பதை எதைக்கொண்டு அளப்பது? அளக்க முடியாத ஒன்றைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது என்று கெவின் கிரெக், பாரி மெக்லாக்லின் போன்றோர் சுட்டினார்கள். கனடாவிலிருந்து வந்த சான்று இன்னும் கனமானது. அங்கே ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பிரெஞ்சு வழியில் பாடங்களைப் படித்தனர். ஆண்டுக்கணக்கில் கேட்ட பிறகு, கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் பிரெஞ்சுக் குழந்தைகளை ஏறத்தாழ எட்டிப்பிடித்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தள்ளாடியது. இதைக் கண்ட மெரில் ஸ்வேய்ன், 1985இல், தானே சொல்ல முயலும்போதுதான் தன்னிடம் இல்லாததை மாணவர் கவனிக்கிறார் என்று வாதிட்டார். பொருளை ஊகிக்க இலக்கணம் முழுதும் தேவையில்லை, சொல்லும்போது தேவைப்படுகிறது.

கேட்டலை ஆதரித்த கிராஷென் தரப்பும் கேட்டல் எப்படி நிகழ்கிறது என்பதை ஆராயவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ‘விளங்கும் மொழி’ என்றார்கள். வாசித்தால் விளங்கும் அதே வாக்கியம் காதில் விழும்போது ஏன் விளங்குவதில்லை என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

கலந்துரையாடல்: தலைப்பா, வேலையா?

பேச்சின் பக்கம் நின்றவர்களில் மைக்கேல் லாங்கின் கருத்து செல்வாக்கு மிக்கது. பேசிக்கொண்டிருக்கும்போது ஏதோ விளங்காமல் போகிறது. ஒருவர் ‘என்ன சொன்னீர்கள்?’ என்கிறார், மற்றவர் வேறு விதமாகச் சொல்கிறார். இந்தச் சிறு திருத்தங்களில்தான் மொழி கற்கப்படுகிறது என்றார் லாங். அப்படியானால் மாணவர்களைச் சிறு குழுக்களாக்கிப் பேசவிட வேண்டும். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாதபடி பணியை அமைத்தால், கேட்டே தீர வேண்டிய நிலை வரும்.

இதை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்த்தவர் போலின் ஃபாஸ்டர். இங்கிலாந்தில் ஒரு கல்லூரியின் பகுதிநேர ஆங்கில மாணவர்களைப் பதிவுசெய்து 1998இல் அவர் வெளியிட்ட முடிவு ஏமாற்றமளிப்பது. விளங்காததை மறித்துக் கேட்டவர்கள் மிகக் குறைவு. குழுக்களில் சிலர் பேசவே இல்லை. இதற்கு அவர் தந்த விளக்கம் நியாயமாகவே படுகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘விளங்கவில்லை’ என்பது தன் இயலாமையைப் பலர் முன் பறைசாற்றுவதாகும். எனவே தலையசைத்துவிட்டு, போகப்போகத் தெளிவாகும் என்று காத்திருக்கிறார்கள். வயதும் மரியாதையும் எடைபோடப்படும் சமூகங்களிலிருந்து வரும் பெரியவர்களிடம் இது கூடுதலாகவே இருக்கலாம்.

நம் மண்ணில் நடந்த ஒரு முயற்சியும் இவ்விடத்துக்கு உரியது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தினார். இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிக்கல்களைத் தீர்க்கச் செய்தார்கள். வகுப்புப் பணிகளைப் பிரபு மூன்றாகப் பிரித்தார்: தகவலைக் கைமாற்றுபவை, கருத்தைச் சொல்லச் சொல்பவை, தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகித்தறியச் செய்பவை. மூன்றாவதையே அவர் விரும்பினார். கருத்துக்குச் சரி, தவறு கிடையாது. மொழி குறைவானவருக்கு அது பற்றுக்கோடு தருவதில்லை. குழுவாகப் பேசவிடுவதையும் அவர் தவிர்த்தார். ஒருவர் பிழை மற்றவரிடம் படிந்துவிடும் என்று அஞ்சினார். சக மாணவரோடு பேசும்போது பிழைகள் கூடுவதாகத் தெரியவில்லை என்று லாங்கும் பாட்ரிசியா போர்ட்டரும் 1985இல் எழுதினார்கள். இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. பிரபு கற்பித்தது பள்ளிப் பிள்ளைகளுக்கு என்பதையும் மறக்கலாகாது.

பெரியவர்களுக்கான கலந்துரையாடலைப் பற்றி மிகத் தெளிவாக எழுதியவர் பென்னி அர். ‘பெண்கல்வி பற்றிப் பேசுங்கள்’ என்று தலைப்பைக் கொடுத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். முடிவில் ஒன்றைச் செய்து காட்ட வேண்டிய பணி வேண்டும் என்று 1981இல் அவர் வலியுறுத்தினார். பத்து விண்ணப்பதாரரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்; குறைந்த பணத்தில் எதை வாங்குவது என்று முடிவுசெய்யுங்கள் என்பது போல. இக்கருத்தை மறுக்க இடமில்லை என்றே தோன்றுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேலைவாய்ப்புத் தேர்வுக்காக நடத்தும் குரூப் டிஸ்கஷன் பயிற்சிகளோ தலைப்போடு நின்றுவிடுகின்றன. யார் முந்திப் பேசுகிறார், யார் தொடர்ந்து பேசுகிறார் என்பது அங்கே மதிப்பெண்ணாகிறது. அடுத்தவர் சொன்னதை ஒருவர் எவ்வளவு உள்வாங்கினார் என்பது மதிப்பெண்ணில் பெரிதாக இடம்பெறுவதில்லை. கலந்துரையாடல் என்பதில் பாதி கேட்டல் என்றால், அந்தப் பாதி வகுப்பிலேயே இல்லை.

ஆயத்தம் செய்ய நேரம் கொடுப்பதும், சொன்னதையே மீண்டும் சொல்லவைப்பதும் பலன் தருவதாக ஓரளவு உறுதியான சான்றுகள் உண்டு. பத்து நிமிடம் யோசிக்க விட்டாலே பேச்சு சரளமாகிறது என்று ஃபாஸ்டரும் பீட்டர் ஸ்கீஹனும் 1996இல் கண்டனர். ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், பின் வேறொருவரிடம் மூன்று நிமிடம், பின் இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் என்று சொல்லும் பயிற்சி நெடுநாள் வழக்கத்தில் உள்ளது. இதை 2011இல் நெல் டி யாங்கும் சார்லஸ் பெர்ஃபெட்டியும் பிட்ஸ்பர்க் நகரில் சோதித்தார்கள். ஒரே தலைப்பை மீண்டும் சொன்னவர்களுக்கே பிற்பாடு புதிய தலைப்பிலும் சரளம் நிலைத்தது. தலைப்பை ஒவ்வொரு முறையும் மாற்றியவர்களுக்கு நிலைக்கவில்லை.

கற்பிக்கிறோமா, சோதிக்கிறோமா?

உலகின் பெரும்பாலான ஆங்கில வகுப்புகளில் கேட்டல் பாடம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். தலைப்பை அறிமுகப்படுத்துவார்கள். ஒலிப்பதிவு ஓடும். கேள்விகளுக்கு விடை எழுதுவார்கள். பெரும்பாலோர் சரியாக எழுதியிருந்தால் பாடம் முடிந்தது. எழுதாதவருக்குச் சரியான விடை சொல்லப்படும். இதைக் கேட்டல் பாடம் என்று சொல்வது எவ்வளவு பொருந்தும் என்று 1998 முதல் தொடர்ந்து கேட்டவர் ஜான் ஃபீல்ட். அவருடைய 2008ஆம் ஆண்டு நூல் இத்துறையில் இன்றியமையாதது. விடை தவறு என்பது ஒரு நோய்க்குறி. நோய் என்ன என்று யாரும் பார்ப்பதில்லை என்பதே அதன் மையவாதம். மாணவருக்கு அந்தச் சொல்லே தெரியாதா? தெரிந்த சொல்லை ஒலியில் அடையாளம் காணவில்லையா? இரண்டு சொற்களின் எல்லை தெரியவில்லையா? சொற்கள் எல்லாம் பிடிபட்டும் கருத்துத் தொடரவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஒலியின் சிக்கல் சிறியதல்ல. எழுத்தில் சொற்களுக்கிடையே வெற்றிடம் உண்டு, பேச்சில் இல்லை. ‘டென் பாய்ஸ்’ என்பது ‘டெம்பாய்ஸ்’ ஆகிறது. ‘நெக்ஸ்ட் டே’ ‘நெக்ஸ்டே’ ஆகிறது. ‘ஷுட் ஹேவ் கான்’ என்று மூன்று சொல்லாகப் படித்தவர் ‘ஷுடகான்’ என்ற ஒரே ஒலிக்கட்டையைக் கேட்கிறார். தமிழை நூலில் மட்டும் கற்ற வெளிநாட்டவர் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதை அறிந்தும் ‘வந்துட்ருக்கேன்’ என்பதில் தடுமாறுவது இதே வகை. ஆங்கிலம் பேசுவோர் அழுத்தம் பெறும் அசையைச் சொல்லின் தொடக்கமாகக் கொண்டு ஒலியோட்டத்தைப் பிரிக்கிறார்கள் என்று ஆன் கட்லரும் டென்னிஸ் நாரிஸும் 1988இல் காட்டினர். அசைகளுக்கிடையே இத்தகைய ஏற்ற இறக்கம் இல்லாத மொழியிலிருந்து வருபவருக்கு அந்தக் கைப்பிடி இயல்பாகக் கிடைப்பதில்லை. தாய்மொழி எதுவாயினும், திறன் எவ்வளவாயினும், மாணவர்கள் கருத்துச் சொற்களைவிட இணைப்புச் சொற்களையும் உதவிவினைகளையும் கணிசமாகத் தவறவிடுகிறார்கள் என்று ஃபீல்டின் ஓர் ஆய்வு காட்டியது. காலமும் எதிர்மறையும் பெரும்பாலும் அச்சிறு சொற்களில்தான் இருக்கின்றன.

இதற்கு எதிர்நிலையும் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் பிடிக்க முயல வேண்டாம். சூழலைக்கொண்டு ஊகியுங்கள் என்பது 1980களிலிருந்து பாடநூல்களின் அறிவுரை. ஆனால் காது சரியாகத் தராததை ஈடுகட்டவே பலவீனமான மாணவர் ஊகத்தை நாடுகிறார். ஊகம் தவறினால் மீள்வது கடினம். ஹாங்காங் பொதுத்தேர்வு விடைகளை 1998இல் ஆராய்ந்த ஏமி சுய்யும் ஜான் ஃபுல்லிலவும், தொடக்கத்தில் எதிர்பார்த்தது பின்னால் பொய்க்கும் பகுதிகளில், ஒலியைச் சரியாகக் கேட்பவரே தேறுகிறார் என்று கண்டார்கள். ஊகிக்கச் சொல்லும் அறிவுரை, ஏற்கெனவே ஓரளவு கேட்கத் தெரிந்தவருக்கே அதிகம் உதவுகிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது நிலைப்பாடு லாரி வாண்டர்கிரிஃப்டுடையது. என்ன வரும் என்று முன்கூட்டி எதிர்பார்ப்பது, கேட்டதைச் சக மாணவரோடு ஒப்பிடுவது, எங்கே தடுமாறினோம் என்று எண்ணிப் பார்ப்பது, மீண்டும் கேட்பது: இந்தச் சுழற்சியைப் பழக்க வேண்டும் என்றார். கனடாவில் பிரெஞ்சு கற்ற 106 பேரிடம் அவரும் மார்சி தஃபகோத்தாரியும் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. அம்முறையில் பயின்றவர்கள் முன்னேறினார்கள். தொடக்கத்தில் பின்தங்கியிருந்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். சிங்கப்பூரில் வில்லி ரெனந்தியா இதை ஐயத்தோடு பார்க்கிறார். கீழ்நிலை மாணவருக்கு உத்திகளைச் சொல்லித்தருவதைவிட எளிய ஒலிப்பதிவுகளை ஏராளமாகக் கேட்கவிடுவதே மேல் என்பது அவர் வாதம். 1959இல் அமெரிக்காவின் குரல் வானொலி ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள் மெதுவான வேகத்தில் தொடங்கிய செய்தி ஒலிபரப்பு இவ்வழியில் ஒரு முன்னோடி.

சொல்வளக் கணக்கு இந்தப் பரிந்துரையைத் தாங்குகிறது, எல்லையையும் காட்டுகிறது. பேச்சில் வரும் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று பால் நேஷன் 2006இல் கணித்தார். சாதாரணக் கதை சொல்லலைப் பின்தொடர 95 விழுக்காடே போதும், அதற்கு 2,000 முதல் 3,000 சொற்குடும்பங்கள் என்று 2013இல் ஹில்டே வான் ஸீலாண்டும் நார்பர்ட் ஷ்மிட்டும் மதிப்பிட்டனர். பள்ளிப் படிப்பை முடித்தவர் பலர் இந்தச் சொற்களை எழுத்தில் அறிவார்கள். ஆகவே அவர்களுக்குக் குறைவது சொல் அல்ல, சொல்லின் ஒலி என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது.

இவ்விடத்தில் பள்ளியில் நாம் கைவிட்ட சொல்வதெழுதலுக்குப் புது மதிப்பு வருகிறது. ஒலிப்பதிவில் தடுமாறிய ஐந்தாறு சொற்களை மட்டும் நிறுத்தி, பலமுறை ஓட்டி, கேட்டபடி எழுதச் சொல்வது ஃபீல்டின் பரிந்துரை. ரூத் வைன்ரிப் 1990இல் எழுதிய நூலால் பரவிய முறை இன்னொன்று. ஒரு சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இருமுறை வாசிப்பார்கள். மாணவர்கள் அகப்பட்ட சொற்களைக் குறித்துக்கொண்டு, குழுவாகச் சேர்ந்து பத்தியை மீட்டெழுதுவார்கள். ‘இல்லை, அங்கே ஒரு எதிர்மறை வந்தது’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்க, கேட்டலே கலந்துரையாடலுக்குப் பொருளாகிறது. தலைப்பும் தேட வேண்டாம், கருத்தும் வேண்டாம். இரண்டு திறன்களையும் ஒன்றாகப் பிணைப்பதில் இதற்கு நிகரான எளிய பயிற்சி வேறு இருப்பதாகத் தெரியவில்லை. பல வகுப்புகளில் இது இலக்கணப் பயிற்சியாகவே சுருங்கிவிட்டது வருந்தத்தக்கது.

யாருடைய பேச்சு, யார் கேட்பது?

இதுவரை சொன்னவை எல்லாம் மாணவரின் தலைக்குள் நடப்பவை. அதற்கு வெளியே நிற்கும் ஒரு மரபும் இருக்கிறது. பிரேசிலின் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரியைப் பின்பற்றி, எல்சா அவர்பாக், நினா வாலர்ஸ்டைன் ஆகியோர் அமெரிக்காவில் குடியேறிய தொழிலாளர்களுக்கு 1980களில் பாடங்கள் அமைத்தார்கள். கூலி, பாதுகாப்பு, மேலாளரின் நடத்தை ஆகியவையே கலந்துரையாடலுக்கான பொருள்கள். வகுப்பு ஒரு சிக்கலை முன்வைத்து, அதன் வேர்களைப் பேசி, செயலைத் தேட வேண்டும். இம்மரபின் வலு தெளிவானது: அது பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்துகிறது. பலவீனமும் உண்டு. துயரத்தைப் பேச எல்லோரும் விரும்புவதில்லை. சிலர் தேர்வில் தேறுவதற்கே வருகிறார்கள்.

கனடாவில் குடியேறிய ஐந்து பெண்களைப் பற்றி போனி நார்ட்டன் செய்த, 2000இல் நூலான ஆய்வு கேள்வியையே திருப்பிப் போட்டது. அவர்களுக்கு ஊக்கம் குறைவில்லை. பணியிடத்தில் ஆங்கிலம் பேசுவோர் அவர்களோடு பேசவில்லை, பேசினாலும் பொருட்படுத்தவில்லை. பேசும் திறனோடு, தன் பேச்சைக் கேட்கவைக்கும் உரிமையும் வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிச் சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூல் வேறொரு மறுப்பைக் காட்டுகிறது. அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிக்கும் உரையாடல் பாடநூலின் ஓரங்களில் அம்மாணவர்கள் தமிழில் குறிப்புகளையும் படங்களையும் கிறுக்கினார்கள். போர்ச்சூழலில் இருந்த தங்கள் உலகை அங்கே எழுதினார்கள். வகுப்பில் பேசாதவர்கள் பேச்சற்றவர்கள் அல்ல.

தீராதவை

மூன்று விஷயங்கள் இன்னும் முடிவாகவில்லை. முதலாவது, வயது. சுமார் 6,70,000 பேரின் இணையத் தேர்வை ஆராய்ந்து 2018இல் ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹோர்னும் சகாக்களும், இலக்கணம் கற்கும் திறன் ஏறத்தாழ 17 வயதுக்குப் பின் குறைகிறது என்றார்கள். அது இலக்கணத் தேர்வு. காதின் பயிற்சித்திறன் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதை அதிலிருந்து பெற முடியாது.

இரண்டாவது, எந்த ஆங்கிலத்தைக் கேட்பது என்பது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தமக்குள் பேசுவதே இன்று பெருமளவு. அயல் உச்சரிப்பு அழுத்தமாக இருந்தாலும் பேச்சு முழுதும் விளங்கலாம் என்று மரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995இல் காட்டினர். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகும் ஒருவர் பிலிப்பினோவின், மலையாளியின், சீனரின் ஆங்கிலத்தைக் கேட்கப் பழக வேண்டும். பாடநூல் ஒலிப்பதிவுகள் இன்னும் பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்கள்தான்.

மூன்றாவது எனக்கு மிகக் கனமாகப் படுகிறது. இங்கே பேசிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எழுத்தறிவு நிறைந்த மாணவர்களிடம் நடந்தவை. மினசோட்டாவில் வாழும் சோமாலி அகதிகளிடம் எலைன் டரோன், மார்த்தா பிகலோ, கிட் ஹான்சன் நடத்திய ஆய்வு 2009இல் நூலாக வந்தது. ஆசிரியர் திருத்திச் சொன்ன வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்வதில், எழுத்தறிவு குறைந்தவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். காதால் கேட்பதையும் எழுத்துப் பழக்கம் வடிவமைக்கிறது என்றால், சொல்வதெழுதலும், மீட்டெழுதலும், ஒலிப்பதிவின் எழுத்துப்படியைப் பார்த்துச் சரிபார்ப்பதும் எழுதத் தெரிந்தவருக்கு மட்டுமே திறக்கும் கதவுகள். தாய்மொழியில் வாசிக்கப் பழகாமலே வேலைக்காக ஆங்கிலம் கேட்க வேண்டியிருக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கும், வீட்டுப் பணிப்பெண்ணுக்கும், எழுத்தின் துணையில்லாமல் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக்கும் முறைகள் தேவை. படங்களையும், கைச்சைகைகளையும், செயலால் பதில் தருவதையும் கொண்டு அப்படிச் செய்ய முடியும் என்று நம்ப இடமுண்டு. ஜேம்ஸ் ஆஷர் 1960களில் கட்டளையைக் கேட்டு எழுந்து நடந்து காட்டும் பயிற்சிகளைச் சோதித்தபோது அதன் ஒரு பகுதியைத் தொட்டிருந்தார். அதை எளிய கட்டளைகளைத் தாண்டி, விரைவான அன்றாடப் பேச்சுவரை கொண்டுபோவது இனிமேல் செய்ய வேண்டிய வேலை.